முதல் கோணத்தில் ஒரு பெட்டிக்கடை

கடை வந்து இறங்கிய அன்று அந்த மூலையில் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள். கடையைச் செய்த வைத்திக்குப்பத்துப் படகு ஆசாரி இருந்தார். அதை ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர், சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருந்த பழைய பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா, பூவரச மரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றிருந்த பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் இருந்தார்கள். இல்லாதவன் நான் ஒருவன்தான். அந்தக் கடையின் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவனும் அந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அந்த நேரத்தில் நான் பாலிடெக்னிக் தேர்வு ஹாலில், தாளின்மேல், ஓர் அறுகோணப் பட்டகத்தைத் தரைக்கு முப்பது டிகிரி சாய்த்து, அதன் ஒரே ஒரு விளிம்பில் விழாமல் நிற்கவைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா முதலியார்பேட்டையில் ஒரு மில்லில் நூற்புப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். எழுபதுகளின் கடைசியில் அந்த மில் மூடியது. கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். அதை வைத்து ஒரு பெட்டிக்கடை போடுவது என்று முடிவானது. கடலூர் சாலையில் ஒரு சந்து வந்து சேருகிற மூலையில், ஆறடிக்கு நாலடி இடத்துக்கு, அப்பா 'மேரி'யில் அனுமதி வாங்கியிருந்தார். நகராட்சியை அவர் கடைசிவரை அப்படித்தான் சொன்னார், பிரெஞ்சுக்காரன் போனது அவருக்குச் சொல்லப்படாத மாதிரி. மாதக் கடைசிக்குள் கடை திறக்காவிட்டால் அனுமதி ரத்து என்று அதில் எழுதியிருந்தது. அந்த மூலைமேல் ஒரு சைக்கிள் கடைக்காரருக்கும் கண் இருந்தது.

அந்த இடத்தின் மதிப்பு முழுக்க அந்தப் பூவரச மரத்தில் இருந்தது. கடைக்கு எதிரே நின்று பார்த்தால் மரம் இடது பக்கம். அதன் அடியில்தான் பஸ் நிற்கும். வலது பக்கம் சந்து, சந்தின் ஓரமாகச் சாக்கடை. முன்பக்கம் சாலை, லாரி போனால் புழுதியில் வாழைப்பழம் பழுப்பு நிறமாகிவிடும். ஆகவே வியாபாரம் இடது பக்கத்துச் சன்னலில்தான் நடக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிறவன் கையை நீட்டினால் சோடா. வலது பக்கம், சந்துக்குள்ளிருந்து, அப்பா ஏறி உள்ளே போக ஒரு கதவு. பின்பக்கம் மூடிய பலகை, கூரைச் சரிவு பின்னால். இது நாலு வரி. அம்மா இதை ஒரே மூச்சில் சொன்னாள். நான்தான் இதைப் பேப்பரில் போட்டுத் தருகிறேன் என்றேன்.

அப்போது நான் முதலாண்டு. தோளில் படம் வரையும் டிராஃப்டர், கையில் சுருட்டிய தாள், சட்டைப் பையில் மூன்று விதப் பென்சில். டவுன் பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள், மரியாதையால் அல்ல, டிராஃப்டரின் இரும்புக் கை கண்ணில் குத்தும் என்பதால். நான் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

எஞ்சினியரிங் டிராயிங் என்பது ஒரு பொருளைப் பார்க்காமல் பார்க்கிற கலை. எங்கள் விரிவுரையாளர் ஹாலின் நடுவில் நின்று, "கூம்பு ஒன்று தரையில் சாய்ந்து நிற்கிறது, நினைத்துக்கொள்" என்பார். நாங்கள் நாற்பது பேரும் நினைத்துக்கொள்வோம். பிறகு அதை ஒரு தளம் வெட்டும். வெட்டியபின் மிச்சம் எப்படி இருக்கும் என்று போட வேண்டும். எனக்கு நினைத்துக்கொள்ள வரவில்லை. எங்கள் வீட்டில் கூம்பு என்ற பொருளே கிடையாது. ஆகவே அம்மா துணி துவைக்கும் பார் சோப்பை எடுத்துப் பட்டகமாகச் சீவினேன். அடுத்த வாரம் அதையே கூம்பாகச் சீவினேன். மூன்றாவது வாரம் அதன் தலையைச் சாய்வாக வெட்டினேன்.

"துணிக்குப் போடுற சோப்ப அறுத்து அறுத்துப் படிக்கிறியே, இது இன்னாடா படிப்பு?" என்றாள் அம்மா.

"எஞ்சினியரிங்மா."

"அப்ப உருளக்கெழங்கையும் எஞ்சினியர்தான் அறுத்தானா? கொழம்புல ஒண்ணொண்ணுக்கும் நாலு மூல இருந்துது."

அப்பாவுக்கு வேறு சந்தேகம். "கூம்பு ஏன்டா சாஞ்சு நிக்குது? தள்ளிவிட்டது யாரு?" என்று கேட்டார். கேள்வித்தாளில் அந்த விவரம் இல்லை என்றேன். பெரிய படிப்பில் எல்லாவற்றையும் சொல்ல மாட்டார்கள் என்று அவரே சமாதானம் ஆனார்.

கடைக்கான வரைபடத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை போட்டேன். அதுவரை நான் வரைந்த எதுவும் உலகத்தில் இல்லாத பொருள். முதல் தடவையாக நான் வரையப்போகிற ஒன்று ஆணி அடித்து எழுந்து நிற்கப்போகிறது. அந்தக் கவனத்தில், பாடத்தில் இருந்த ஒரு விதியையும் விடவில்லை. ஓரக்கோடு, தலைப்புக் கட்டம், பத்துக்கு ஒன்று என்ற அளவு, மில்லிமீட்டரில் பரிமாணம், அம்புக்குறியின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு. எழுத்தெல்லாம் இரண்டு மெல்லிய கோடுகளுக்கு நடுவே, ஆங்கிலப் பெரிய எழுத்தில். தமிழில் எழுதினால் மதிப்பெண் இல்லை என்று ஹாலில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக் கடைக்கு யார் மதிப்பெண் போடப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பெட்டியை முன்னால், மேலே, பக்கவாட்டில் நின்று பார்த்துத் தனித்தனியாக வரைவார்கள். அவற்றைத் தாளில் எங்கே போடுவது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. எங்கள் ஹாலில் முதல் கோண முறை. அதன்படி பொருள் நமக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. நாம் பார்ப்பது நிழல் மாதிரி அந்தப் பக்கத்துச் சுவரில் போய் விழுகிறது. ஆகவே மேலிருந்து பார்த்ததைக் கீழே போட வேண்டும். இடப்பக்கம் நின்று பார்த்ததை வலப்பக்கம் போட வேண்டும். வலப்பக்கத்ததை இடப்பக்கம். இது தவறல்ல, ஒழுங்கு. இதை மனதில் ஏற்ற எனக்கு இரண்டு மாதமும் ஒன்றரை பார் சோப்பும் ஆயிற்று. ஏறிய பிறகு வேறு விதமாக யோசிக்கவே முடியாமல் போயிற்று. ஆகவே மரத்தடியைப் பார்க்க வேண்டிய சன்னல் தாளில் வலது பக்கம் வந்தது. சந்துக் கதவு இடது பக்கம் வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் எந்தப் பக்கத்துத் தோற்றம் என்று தெளிவாக எழுதியிருந்தேன்.

மூலையில் ஒரு சின்ன அடையாளம் போட்டேன். இந்தப் படம் முதல் கோண முறை என்று தெரிந்தவர்களுக்குச் சொல்வதற்கு: தலையை வெட்டிய கூம்பு ஒன்று படுத்திருக்கும், அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வட்டம்.

வைத்திக்குப்பத்து ஆசாரியை அப்பாவுக்கு மில் நண்பர் ஒருவர் சொன்னார். ஆசாரிக்கு முப்பது வயது இருக்கும். படகு செய்கிறவர், மழைக்காலத்தில் வேலை இல்லாததால் கூலி குறைத்துக்கொண்டார். கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகளுக்கு நடுவே உட்கார்ந்து தாளை விரித்தார். காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு சங்கு வைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் தம்பி, கூர எதுக்குத் தரைக்குக் கீழ கெடக்குது? கவுந்துருச்சா?"

நான் முதல் கோணத்தை ஆரம்பத்திலிருந்து விளக்கத் தொடங்கினேன். "இப்ப ரெண்டு சுவர் இருக்குன்னு நெனச்சுக்குங்க..."

"கடைக்கு நாலு செவுரு இல்லியா?"

அப்பா குறுக்கிட்டார். "மேல எடம் பத்தல ஆசாரி, அதான் கீழ போட்டுட்டான். பேப்பர் இன்னா வெல விக்குது." ஆசாரிக்கு அது உடனே விளங்கிவிட்டது. எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. கூரையோடு விளக்கம் நின்றுபோனது. பக்கங்களுக்கு நான் வந்து சேரவே இல்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். ஒரு படமா போட்டுக் குடேன் தம்பி. பாத்தா கடை மாதிரித் தெரியணும். முன்னாடியும் பக்கமும் ஒண்ணா சேந்த மாதிரி."

"அது ஐசோமெட்ரிக். இன்னும் நடத்தல. அடுத்த செமஸ்டர்ல வருது."

"சரி, நான் ஒரு நட வந்து எடத்தப் பாத்துட்டுப் போறேன்."

அப்பா சிரித்தார். ஒன்றும் தெரியாதவரைப் பார்த்து ஒன்றும் தெரியாதவர் சிரிக்கிற சிரிப்பு. "எதுக்குப்பா அலையிற? எல்லாந்தான் பேப்பர்ல இருக்குதே. அதுல இருக்குறத அப்பிடியே செய். ஒரு நூலு தப்பக் கூடாது."

எனக்குத் தேர்வு நெருங்கியதால் பிறகு நான் குப்பத்துக்குப் போகவில்லை. அப்பாதான் மூன்று நாளுக்கு ஒரு தடவை போனார். தாளை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துப் போவார், திரும்ப எடுத்து வருவார், வழியில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விரித்துக் காட்டுவார். சந்து வீட்டு சொல்தாவுக்கும் காட்டினார். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர். தெருவில் எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவார்கள். முசே தாளைத் தலைகீழாகப் பிடித்து, "த்ரே பியாங், ரொம்ப நல்லா இருக்கு! இதான் பிளான். நம்ம ஊர்ல இத எவன் போடுறான்?" என்றார். அப்பாவுக்கு அது போதும்.

கடை வந்த நாளின் சாயங்காலம் நான் பஸ்ஸிலிருந்து மரத்தடியில் இறங்கினேன். அறுகோணப் பட்டகம் நன்றாக நின்ற சந்தோஷம். எதிரே புதுப் பலகை வாசனையோடு எங்கள் கடை. எனக்கு நேராக ஒரு கதவு இருந்தது. கதவில் பூட்டு. சன்னலைக் காணவில்லை.

சுற்றிக்கொண்டு போனேன். சன்னல் சந்தில் இருந்தது. அகலமான, அழகான சன்னல். கீழே சாமான் வைக்கப் பலகை, மேலே தூக்கிக் கட்டும் கதவு. எதிரே சாக்கடை. சாக்கடைக்கு அப்பால் முசே வீட்டு மதில்.

"இன்னாடா இது?" அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "பஸ்ஸுக்காரன் பக்கம் கதவு இருக்குது. நாயி போற சந்துல சன்னலு இருக்குது. நாய்க்கா சோடா விக்கப்போறோம்?"

நான் தாளை வாங்கி விரித்து, கோடு கோடாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

"படம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

"நானும் படத்துல இருக்குறதத்தான் செஞ்சேன்" என்றார் ஆசாரி. விரலை வைத்துக் காட்டினார். "வலது பக்கம் இன்னா போட்டிருக்குது? சன்னலு. வலது பக்கம் எது? இது. அப்புறம்?"

"வலது பக்கம் போட்டிருந்தா அது இடது பக்கம்னு அர்த்தம்."

வண்டி மாடு மட்டும் தலையை ஆட்டியது.

"இத ஏன் சாமி மொதல்லயே சொல்லல?" என்றார் ஆசாரி.

"கீழ எழுதியிருக்கேனே. லெஃப்ட் சைட் வியூன்னு."

"இது இங்கிலீஷா? நான் கோலம்னு நெனச்சேன். எங்க குப்பத்துல இங்கிலீஷ் தெரிஞ்சவன் எறா ஏஜெண்டு ஒருத்தன்தான். அவன்கிட்ட காட்டியிருந்தா கடைக்கும் கமிஷன் கேட்டிருப்பான்."

பிறகு அவர் வண்டியிலிருந்து இன்னொரு பொருளை இறக்கினார். மாமரக் கட்டையில் குடைந்து செய்த, அடி பெருத்து வாய் சிறுத்த ஒரு வாளி மாதிரி. ஒன்றரை அடி நீளம், நல்ல வேலைப்பாடு. வாயைச் சுற்றி ஒரு வளையம், அடியில் ஒரு வளையம்.

"இதுக்குத்தான் தம்பி ரெண்டு நாளு ஆச்சு. எதுக்குன்னு உங்கப்பாகிட்ட கேட்டேன். கல்லாப்பெட்டியா இருக்கும்னாரு."

அது என் முதல் கோண அடையாளம். ஐந்து சென்டிமீட்டரில் போட்டிருந்தேன். பத்துக்கு ஒன்று என்ற அளவில் அரை மீட்டராக, உருண்டையாக, வார்னிஷோடு வந்து நின்றது. அப்படி ஒன்று மரத்தில் செய்யப்பட்டது உலகத்திலேயே வைத்திக்குப்பத்தில்தான் என்று நினைக்கிறேன். அப்பா அதில் கடைசிவரை காசு போட்டார்.

"நாப்பத்தஞ்சு ரூபா குடுங்க அண்ணே" என்றார் ஆசாரி. "சன்னல அந்தாண்ட போட்டு, கதவ இந்தாண்ட போட்டு, ரெண்டு நாள்ல மாத்திடுறேன். படகுக்கு அடிக்கிற மாதிரி கீலு பூசி வெச்சிருக்கேன், ஒரு சொட்டுத் தண்ணி எறங்காது. மாத்தினாலும் அப்பிடியே செஞ்சு குடுத்துடுவேன்."

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கவே ஆரம்பித்துவிட்டாள். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

"இருங்க." என்னைப் பார்த்தார். "நீ போட்டதுல தப்பு இருக்குதா?"

நான் உண்மையைச் சொன்னேன். "இல்லப்பா. முதல் கோணத்துல இப்படித்தான் போடணும்."

"ஆசாரி, நீ பேப்பர்ல இருந்தத மாத்தினியா?"

"தாயாணைக்கு ஒரு நூலு மாத்தல."

அப்பா யோசித்தார். படித்த மகன் தப்புச் செய்யவில்லை. தொழில் தெரிந்தவன் தப்புச் செய்யவில்லை. பேப்பர் தப்பாக இருக்க வாய்ப்பே இல்லை. மெதுவாக அந்த மூலை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கண் பூவரச மரத்தில் போய் நின்றது.

"அப்ப பஸ்ஸுதான் தப்பான எடத்துல நிக்குது" என்றார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கக் கடை திறந்தது. அனுமதி ரத்தாகாமல் தப்பியது, வியாபாரம்தான் நடக்கவில்லை. மரத்தடியில் நிற்பவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கதவைத் தட்டி, "ஒரு பீடிக் கட்டு" என்பார்கள். உள்ளேயிருந்து அப்பா, "சன்னலுக்கு வாங்க. கதவுல வியாபாரம் கெடையாது" என்பார். அவர்கள் சாலைப் பக்கம் சுற்றி, சந்தில் திரும்பி, சாக்கடை ஓரம் நின்று காசு நீட்டும்போது பஸ் வந்துவிடும். மிச்சச் சில்லறை வாங்காமல் ஓடியவர்களும் உண்டு, காசே கொடுக்காமல் சோடா பாட்டிலோடு ஓடியவர்களும் உண்டு. முதல் வாரத்தில் விற்றதைவிட வீட்டில் நாங்கள் தின்ற கறுத்த வாழைப்பழம் அதிகம். எனக்கு அடுத்த செமஸ்டர் ஃபீஸ் இந்தக் கடையிலிருந்துதான் வர வேண்டும். அம்மாவோ அப்பா சாப்பிடப் போகிற நேரத்தில் கதவைத் திறந்து வைத்து நாலு பேருக்கு விற்றுவிடுவாள். அவர் வருவது தெரிந்தால் மூடிவிடுவாள். திருட்டு வியாபாரம் என்றால் வேறெங்கும் அர்த்தம் வேறு; எங்கள் வீட்டில் சொந்தக் கடையில் கதவு வழியாக விற்பது.

"நாப்பத்தஞ்சு ரூபாய்ங்க. சன்னல மாத்திட்டுப் போங்களேன்" என்பாள் ராத்திரிச் சோற்றின்போது.

"எம்புள்ள மூணு ஞாயித்துக்கெழம ஒக்காந்து போட்டது. அதுல ரம்பத்த வெக்கச் சொல்றியா?"

நான் தலையைக் குனிந்து சாப்பிடுவேன். சன்னலை மாற்றலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் படம் தப்பு என்று ஆகிவிடும். படம் தப்பு இல்லையே.

அப்பா பஸ்ஸைத் திருத்தக் கிளம்பினார். முதலில் சந்து முனையில், சன்னல் பக்கமாக, ஒரு பெஞ்சு போட்டார். பக்கத்தில் ஒரு பானை, தண்ணீர், டம்ளர். மேலே ஒரு கீற்று நிழல். மரத்தடியில் நின்றவர்களில் வயதானவர்கள் மெல்ல வந்து உட்கார ஆரம்பித்தார்கள். உட்கார்ந்தால் கை தானாகச் சன்னலுக்குப் போகும். ஆனால் பஸ் வந்து பழைய மரத்தடியிலேயே நிற்கும். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து ஓடுவார்கள். செருப்பு சாக்கடைக்குள் போய்விட்ட ஓர் அம்மாள், "ஒக்கார வெச்சு ஓடவிடுறதுக்கா பெஞ்சு போட்ட?" என்று அப்பாவைச் சாபமிட்டாள்.

அப்பா டிரைவரிடம் போனார். அந்த வழியில் ஓடிய ஒரு டவுன் பஸ். அதில் தினமும் அதே டிரைவர், அதே கண்டக்டர்.

"இருவது அடி தள்ளி நிறுத்தினா இன்னா கொறஞ்சு போவுது உனக்கு?"

"பெரியவரே, நான் எங்கயும் நிறுத்துறது கெடையாது. பிரேக்கு எங்க புடிக்குதோ அங்க நிக்குது. அவ்ளோதான் நம்ம வண்டி."

"பிரேக்கு புடிக்க இன்னா வேணும்?"

டிரைவர் கடையைப் பார்த்தார். "வெயிலு ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

அன்றிலிருந்து டிரைவருக்கும் கண்டக்டருக்கும் நாளுக்கு ஒரு சோடா, ஒரு வாழைப்பழம். பிரேக் சந்து முனையில் பிடிக்க ஆரம்பித்தது. சோடா தீர்ந்துபோன நாளில் பழையபடி மரத்தடியில் பிடித்தது. அவ்வளவு நுட்பமான பிரேக்கை நான் அதற்குப் பிறகு எந்த வண்டியிலும் பார்க்கவில்லை. மற்ற பஸ்காரர்களும் கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்தினார்கள். மூன்று மாதத்தில் மரத்தடி காலியாயிற்று. சன்னலில் கைகள் நீண்டன. என் ஃபீஸ் வந்தது.

அப்போதுதான் முசே வீட்டுக் கதவு திறந்தது. கூட்டம் இப்போது அவர் மதிலில் சாய்ந்து நின்றது. வெற்றிலையை அவர் மதிலில் துப்பியது. காலையில் அவர் காப்பி குடிக்கும் நேரத்தில் கண்டக்டரின் விசில் நேராக அவர் காதில் விழுந்தது.

"என்ன முசே, கோவமா?" என்றார் அப்பா.

"நான் பிரான்சுக் குடிமகன். என் வாசல்ல பஸ் நிக்கிறதுக்குச் சட்டம் இருக்கா? எழுதுறேன் பார்."

எழுதினார். மூன்று பக்கம், அழகான சாய்ந்த எழுத்து, முழுக்கப் பிரெஞ்சில். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. மேரியில் அதை வாங்கி, முத்திரை குத்தி, வரிசையெண் போட்டு, அதைப் படிக்கத் தெரிந்தவரைத் தேடினார்கள். படிக்கத் தெரிந்தவர் போன வருடமே ஓய்வு பெற்றிருந்தார். தமிழில் எழுதித் தரவும் என்று அவருக்குத் தமிழில் ஒரு பதில் வந்தது. அதைப் படித்துச் சொல்ல அவர் என்னைக் கூப்பிட்டார். நான் படித்துச் சொன்னேன்.

"என் பாஷையில அவங்களால படிக்க முடியல, அவங்க பாஷையில என்னால படிக்க முடியல" என்றார் முசே. "நல்ல கவர்ன்மான்." என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ என்னமோ பிளான் போட்டியே, அதை யாராச்சும் படிச்சாங்களா?"

நான் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன். அப்பா அவருக்கு நாளுக்கு ஒரு சுருட்டு அனுப்ப ஆரம்பித்தார். முசே அதை வாங்கிக்கொண்டார். மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

இதற்கிடையில் அடுத்த செமஸ்டரில் ஐசோமெட்ரிக் நடத்தினார்கள். முன்பக்கம், ஒரு பக்கம், மேல்பக்கம் மூன்றும் ஒரே படத்தில், முப்பது டிகிரியில் ஏறி இறங்கும் கோடுகளில். அன்று சாயங்காலமே கடையை அப்படி வரைந்தேன், நான் முதலில் நினைத்தபடி, இடது பக்கம் சன்னலோடு. அம்மாவிடம் காட்டினேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள்.

"நம்ம கடைதான். சன்னலு மரத்துப் பக்கம் இருக்குது." அவளுக்கு அரை நிமிடம் ஆகவில்லை. "இந்தப் படத்த மொதல்லயே போட்டிருக்கலாம் இல்ல?"

"அப்ப பாடம் நடத்தலம்மா."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "சரி, நீதான் இன்னா பண்ணுவ. புஸ்தகத்துல எப்ப வருதோ அப்பத்தானே தெரியும்" என்றாள்.

அப்பா அந்தப் படத்தைக் கடைக்குள் காலண்டர் பக்கத்தில் ஒட்டினார். இருக்கிற கடைக்கும் படத்துக்கும் சன்னல் இடம் மாறியிருப்பதை யாராவது கேட்டால், அது வேறு கோணம் என்பார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். முசேயின் மனுவை எங்கோ ஒரு கன்னியாஸ்திரீ படித்துத் தமிழில் எழுதிக்கொடுத்துவிட்டாராம். விசாரிக்க மேரியிலிருந்து ஒருவர் வந்தார். கையில் டேப்பும் ஒரு தாளும். பஸ் நிறுத்தம் எங்கே இருக்க வேண்டும் என்று பழைய தாளில் இருக்கிறதோ, அங்கேதான் பஸ் நிற்க வேண்டும், மரத்தடி என்று இருந்தால் திரும்ப மரத்தடிக்கே போக வேண்டும் என்றார். பஸ் மரத்தடிக்குப் போனால் கடை முடிந்தது.

"பழைய தாள்ல எங்க இருக்குதுங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் புரட்டினார். மறுபடி புரட்டினார். "தாளே இல்ல. பிரெஞ்சுக்காரன் காலத்துல இங்க பஸ்ஸே நின்னிருக்காது போல." பெருமூச்சு விட்டார். "புதுசா போடணும். டேப்போட அந்த முனைய யாராச்சும் புடிங்க."

நான் பிடித்தேன். அவர் சாலையை அளந்தார், சந்தை அளந்தார், கடையை அளந்தார். மேலிருந்து பார்க்கிற படம் மட்டும் போட்டார். இடமும் வலமும் அதில் பிரச்சினையே இல்லை. பிறகு நிமிர்ந்து, ஜனங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார். பெஞ்சில் நாலு பேர், நிழலில் ஏழெட்டுப் பேர், சன்னலில் ஒருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். பூவரச மரத்தடியில் ஓர் ஆடு மட்டும் இருந்தது. அவர் சந்து முனையில் ஒரு சின்ன வட்டம் போட்டு, பஸ் நிறுத்தம் என்று தமிழில் எழுதினார். தலைப்புக் கட்டம்கூட இல்லை. கோட்டின் தடிமன் எங்கும் ஒரே மாதிரி இல்லை. எங்கள் ஹாலில் அதற்குப் பத்துக்கு மூன்று கூடக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த வட்டத்தின் இடத்தில் ஓர் இரும்புக் கம்பம் நட்டு, பலகை மாட்டினார்கள். டிரைவர் அன்று சோடாவைக் குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்தார்.

"இனிமே எனக்கு வேணாம் பெரியவரே. இனி நான் வேற எங்கயும் நிறுத்தினா எனக்கு மெமோ குடுப்பாங்க."

அன்று ராத்திரி அப்பா சந்தோஷமாக இருந்தார். "பாத்தியா? பேப்பர்ல ஏறிட்டுது. இப்ப கடையும் சரி, பஸ்ஸும் சரி" என்றார். நானும் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தேர்வில் டிராயிங்கில் நாற்பத்தொன்று வாங்கித் தேறியவன் என்ற முறையில், "படம் மொதல்லேர்ந்தே சரிதாம்பா" என்றேன்.

அம்மா தட்டைக் கழுவப் போனவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். எழுதப் படிக்கத் தெரியாதவள்; விரல்கணுக்களில்தான் கணக்கு. "சன்னல மாத்த நாப்பத்தஞ்சு ரூபா குடுக்காம விட்டதுக்கு, பெஞ்சு முப்பத்தி ரெண்டு. பானை மூணு ஒடஞ்சுது, அது பன்னண்டு. கீத்துக்கும் கயித்துக்கும் பதினஞ்சு. முசேக்குச் சுருட்டு நாப்பத்தி ரெண்டு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் பதினாலு மாசமா சோடாவும் பழமும், நாளுக்கு எட்டணா, எரநூத்திப் பத்து" என்றாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் சொன்னாள்: முந்நூற்றுப் பதினோரு ரூபாய்.